இரைப்பை சிறிதான பின்பு



உடல் பருமனைக் குறைப்பதற்காக இரைப்பையில் செய்யப்படும் அறுவைச் சிகிச்சையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 'வயிற்றை வெட்டி எடுத்து விடுகிறார்களாம்', 'குடலைச் சுருக்கி விடுகிறார்களாம்' என்றெல்லாம் தோட்டத்துக் கடை வாசலில் பேசிக்கொள்வதை நானும் கேட்டிருக்கிறேன். ஒரு காலத்தில் அது பணக்காரர் செய்துகொள்ளும் காரியம் என்று நினைத்திருந்தோம். இன்று அரசாங்க மருத்துவமனைகள் சிலவற்றிலும் அது செய்யப்படுகிறது. நம் தோட்டப்புறக் குடும்பங்களிலிருந்தும் சிலர் போய் வந்திருக்கிறார்கள்.

அந்தச் சிகிச்சையைச் செய்துகொள்ளலாமா, கூடாதா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நான் அதைப் பற்றிப் பேசப் போவதில்லை. சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த ஒருவர் எதை உண்பது, எப்படி உண்பது, உடலில் தெம்பை எப்படி வரவழைப்பது என்பதைப் பற்றியே பேசப் போகிறேன். வீட்டில் சமைக்கிற அம்மாக்களே, அக்காமார்களே, நீங்கள் சற்று அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து உட்காருங்கள். இந்தச் செய்தி நோயாளியைவிட உங்களுக்கே அதிகமாக வேண்டியது.

முதலில் அங்கே நடப்பது என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்று உலகில் மிகுதியாகச் செய்யப்படுவது 'ஸ்லீவ்' என்ற முறை. இரைப்பையின் முக்கால் பாகத்துக்கும் மேல் அகற்றிவிட்டு, எஞ்சியதை வாழைப்பழம்போல் நீண்ட குழாயாக விட்டுவிடுகிறார்கள். மற்றொன்று 'பைபாஸ்'. இரைப்பையின் மேற்பகுதியை ஒரு முட்டை அளவுக்கும் குறைந்த சிறு பையாகப் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேராக இணைக்கிறார்கள். இந்த பைபாஸ் முறையை 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் எட்வர்ட் மேசன் என்ற அறுவை மருத்துவர் தொடங்கி வைத்தார். இப்போது பெரும்பாலும் வயிற்றில் சில சிறு துளைகள் இட்டே இவற்றைச் செய்துவிடுகிறார்கள்.

ஸ்லீவ் முறையில் பசியும் குறைகிறது. 'கிரெலின்' என்று ஒரு சுரப்பு உண்டு. 1999ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். மூளைக்குப் போய் 'பசிக்கிறது' என்று சொல்வது அதுதான். அது மிகுதியாகச் சுரக்கும் மேற்பகுதியையே வெட்டி எடுத்துவிடுவதால் முதல் சில மாதங்களுக்குப் பசி என்பதே தெரியாமல் போகலாம். பசி இல்லாத மனிதருக்குச் சோறு போடுவது எவ்வளவு கடினம் என்பது சமைத்தவர்களுக்குத் தெரியும். வம்பு தொடங்குவதும் அங்கேதான்.

இதை நான் என் சொந்த அக்காளின் வீட்டில் கற்றுக்கொண்டேன்.

அக்காள் செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்கும் வேலை செய்தவர். எடை 118 கிலோ. இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, முழங்கால் வலி ஆகிய மூன்றும் இருந்தன. குனிந்து பழம் பொறுக்க முடியாமல் வேலையையும் விட்டார். 2018ஆம் ஆண்டில் அவருக்கு ஸ்லீவ் சிகிச்சை நடந்தது. நன்றாகவே நடந்தது. நான்காம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் ஒரு நெகிழிப் பை. அதில் மாத்திரைகளும், உணவு முறையை அச்சிட்ட நான்கைந்து தாள்களும் இருந்தன.

தாள்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தன. அக்காளுக்கும் அம்மாவுக்கும் அவை விளங்கா. நான்தான் படித்துச் சொன்னேன். முதல் பக்கத்தைப் படித்தேன், இரண்டாம் பக்கத்தைப் படித்தேன். பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்று எழுந்து வந்துவிட்டேன். அந்த நாளை வரவே இல்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சுகாதாரக் கல்வி நடத்துகிற வாத்தியார் நான்.

மூன்றாவது வாரம். "இருபது நாளாகப் பிள்ளை வயிற்றில் ஒரு பருக்கை சோறு இல்லையே" என்று அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. சோறு குழைய வடித்து, கோழிக் கறியும் வைத்து, "ரெண்டே வாய்" என்று ஊட்டிவிட்டார். அன்பினால் செய்த காரியம். அன்று இரவு வாந்தி. மறுநாளும் வாந்தி. பிறகு தண்ணீர் குடித்தாலும் வாந்தி. மாத்திரைகள் பெரிதாக இருந்ததால் விழுங்க முடியவில்லை. குளிர்பெட்டியின் மேல் அப்படியே இருந்தன. அம்மா கண்ணேறு என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். அத்தான் என்னிடம் வந்து கேட்டார். "வயிற்றை அறுத்தால் வாந்தி வரத்தான் செய்யும் அத்தான், போகப் போகச் சரியாகிவிடும்" என்று நானும் சொல்லி அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் அக்காள் எழுந்து நடக்கும்போது குடித்தவர்போல் தள்ளாடினார். "தம்பி, நீ எனக்கு ரெண்டு பேராத் தெரியிறியே" என்றார். பாதங்கள் எரிகின்றன என்றார். அன்றுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

மருத்துவர் கேட்ட முதற்கேள்வி, "எத்தனை நாளாக வாந்தி?" என்பதுதான். பதிலைக் கேட்டவுடன் விட்டமின் பி1 ஊசியை நரம்பில் ஏற்றச் சொன்னார். தையமின் என்பது அதன் மறுபெயர். நம் உடலில் அதற்குப் பெரிய சேமிப்புக் கிடையாது. உணவில் வராமல் போனால் இரண்டு மூன்று வாரங்களில் தீர்ந்துவிடும். தீர்ந்தால் நரம்பும் மூளையும் கெடும். காலம் தாழ்ந்தால் நினைவே திரும்பாமல் போகலாம்; உயிரும் போகலாம். அக்காள் பிழைத்துக்கொண்டார். கண் தெளிந்தது, நடை திரும்பியது. பாதங்களில் சிறிது மரமரப்பு மட்டும் இன்றும் இருக்கிறது.

இந்த பி1 சத்துக்கும் நம் முன்னோருக்கும் ஒரு தொடர்பு உண்டு. சற்று விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நூறாண்டுகளுக்கு முன் இந்த மலாயாவில் 'பெரிபெரி' என்ற நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. ஈயச் சுரங்கங்களில் வெள்ளையாகத் தீட்டிய சயாம் அரிசி உண்டவர்களுக்கு அது வந்தது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களை அது பெரிதும் தீண்டவில்லை. பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்து எழுதினார். 1905ஆம் ஆண்டில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் ஒரு பகுதியினருக்குத் தீட்டிய அரிசியும், மறுபகுதியினருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துச் சோதித்தார். நோய் தீட்டிய அரிசிக்காரர்களையே பிடித்தது. நெல்லை அவிக்கும்போது உமியோடும் தவிட்டோடும் இருக்கிற பி1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் பாட்டிமார் அறியாமலே நம்மைக் காத்தது அந்தச் சத்துதான். அதே சத்து இல்லாமல்தான் என் அக்காள் தள்ளாடினார்.

ஆகவே அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவருக்கு இரண்டு மூன்று நாள் விடாமல் வாந்தி எடுத்தால் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம். கிளினிக்குக்குப் போனால் நாம் வழக்கமாக, "களைப்பாக இருக்கிறது, தண்ணீர் ஏற்றி விடுங்கள்" என்போம். அங்கே முதலில் சொல்ல வேண்டியது, "இவருக்கு இரைப்பை அறுவை நடந்திருக்கிறது, இத்தனை நாளாக வாந்தி" என்பதே. பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் சொற்பச் சத்தும் செலவாகி நிலைமை மோசமாகும். மருத்துவருக்கு இது தெரியும். ஆனால் அறுவை நடந்தது அவருக்குத் தெரிய வேண்டுமே.

இனி அடுப்பங்கரைக்கு வருவோம்.

முதல் சில நாட்கள் தெளிந்த நீராகாரம். பிறகு இரண்டு வாரம்வரை பால்போன்ற திரவ உணவு. அதன்பின் மசித்த உணவு, அதன்பின் மென்மையான உணவு. இப்படிப் படிப்படியாக ஏறி, ஏறக்குறைய ஆறு முதல் எட்டு வாரத்தில் வழக்கமான உணவுக்கு வருவார்கள். மருத்துவமனைக்கு மருத்துவமனை இது சிறிது வேறுபடும். உங்கள் கையில் கொடுத்த தாள் எதுவோ அதுவே உங்களுக்குச் சட்டம். படிக்கத் தெரியாவிட்டால் பிள்ளைகளிடம் கொடுங்கள். அல்லது பள்ளிக்குக் கொண்டு வாருங்கள். கடைசிப் பக்கம்வரை படித்துச் சொல்கிறோம்.

இந்த மசித்த உணவு என்றதும் நம் வீடுகளில் கஞ்சி வைத்துவிடுவார்கள். அரிசிக் கஞ்சி, சவ்வரிசிக் கஞ்சி, டின் பால் ஊற்றிய மைலோ. வயிற்றில் இடம் இருப்பதோ நாலைந்து மேசைக் கரண்டி அளவுதான். அந்த இடத்தை வெறும் மாவுச் சத்தால் அடைத்துவிட்டால் புரதத்துக்கு எங்கே போவது? சிகிச்சைக்குப் பின் ஒருவருக்கு நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம்வரை புரதம் வேண்டும். போதாவிட்டால் உடல் கொழுப்பைக் கரைப்பதோடு தசையையும் சேர்த்துக் கரைக்கும். எடைக்கல்லில் முள் இறங்கும். ஆனால் படியேறத் தெம்பு இருக்காது.

நம் வீட்டுப் பொருள்களிலேயே கணக்குப் பாருங்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். ஒரு குவளைப் பாலில் 8 கிராம். நூறு கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம். தெம்பேயிலும் ஏறக்குறைய அவ்வளவே, விலையும் மலிவு. ஒரு குவளை வெந்த பருப்பில் 18 கிராம்வரை உண்டு. ஆனால் நம்மவர்கள் பருப்பைக் கீழே விட்டுவிட்டு மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரை இறுத்துக் கொடுப்பார்கள். அந்தத் தண்ணீரில் மணம் உண்டு, புரதம் மிகக் குறைவு. பருப்பை நன்றாகக் கடைந்து கொடுக்க வேண்டும். கெம்போங் மீனை முள் நீக்கி ஆவியில் வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம். தௌஃபூவை முட்டையோடு சேர்த்து அவிக்கலாம். கோழியை அரைத்து வேகவைத்தால் இறங்கும். துண்டாகப் போட்டால் ஆரம்பத்தில் நெஞ்சில் நிற்கும். புரட்டாசியிலும் விரத நாட்களிலும் மரக்கறி உண்பவர்களுக்குப் பருப்பு, தௌஃபூ, தெம்பே, தயிர் ஆகியவை கைகொடுக்கும். தண்ணீர்கூடக் குடிக்காத விரதம் இவர்களுக்கு ஆகாது. தைப்பூசத்துக்கு வேண்டுதல் இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் காப்புக் கட்டுங்கள்.

தட்டில் முதலில் புரதம், அடுத்துக் காய்கறி, மிச்சம் இடம் இருந்தால் சோறு. நம் பழக்கத்துக்கு இது தலைகீழ். சோற்றைக் குவித்துக் குழம்பை ஊற்றி ஓரத்தில் ஒரு துண்டு மீன் வைப்பதுதான் நம் வழக்கம். அக்காள் வீட்டில் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கும் சின்னத் தட்டிலேயே அவருக்குச் சாப்பாடு. கையால் உண்ணலாம், தவறில்லை. ஆனால் கவளம் சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்க வேண்டும். ஒவ்வொரு வாயையும் இருபது முப்பது தடவை மெல்ல வேண்டும். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று பெரியவர்கள் சொன்னதை நாம் எங்கே கேட்டோம்? விடியற்காலையில் வேலைக்குப் போகிற அவசரத்தில் விழுங்கி விழுங்கியே பழகியவர்கள் நாம். இவர்களுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இருபது முப்பது நிமிடம் ஆகும். அதுவரை பாத்திரத்தை எடுத்துக் கழுவ நிற்காதீர்கள்.

'போதும்' என்று வயிறு சொல்வது முன்போல் இருக்காது. சிலருக்கு விக்கல் வரும், சிலருக்கு மூக்கு ஒழுகும், சிலருக்கு நெஞ்சில் ஓர் அழுத்தம் தோன்றும். அதற்குமேல் ஒரு வாய்கூட வேண்டாம். "மீதியை வீணாக்காதே, தின்று முடி" என்று சொல்லும் நாக்கை நாம் அடக்க வேண்டும்.

சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கலாகாது. சாப்பிட்டபின் அரைமணி நேரம் கழித்துத்தான் குடிக்க வேண்டும். அதையும் மடமடவென்று குடிக்காமல் மிடறு மிடறாக, நாள் முழுவதும் சேர்த்து ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் குடிக்க வேண்டும். நம் நாட்டு வெயிலுக்கு ஒரு போத்தல் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். காற்றடைத்த சோடாப் பானங்கள் வேண்டாம்.

இனிப்பைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். டின் பாலில் ஏறக்குறைய பாதி சர்க்கரைதான். ரொட்டி சானாய் ஒன்றில் சுமார் 300 கலோரி. இவை மெல்லாமலே சுலபமாக இறங்கும்; சிறிய வயிறும் தடுக்காது. சிகிச்சை செய்துகொண்ட சிலருக்கு, சிறப்பாக பைபாஸ் செய்தவர்களுக்கு, இனிப்பு உண்ட சிறிது நேரத்தில் வியர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, தலை சுற்றி, வயிற்றுப்போக்கும் ஏற்படும். பலகாரம் கொடுத்தவர் பயந்துபோவார். அவரைப் படுக்க வைத்தால் பெரும்பாலும் தணிந்துவிடும். ஆனால் மீண்டும் கொடுக்காதீர்கள். எதுவும் நேராதவர்களுக்குத்தான் வேறு ஆபத்து. இரண்டாம் ஆண்டுக்குப் பின் சிலருக்கு எடை திரும்ப ஏறுவதற்கு ஒரு முக்கியமான காரணம், மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு நடுவே நாள் முழுவதும் முறுக்கும் பிஸ்கட்டும் தேநீருமாகக் கொறித்துக்கொண்டிருப்பதே.

கோயில் திருவிழா, காதுகுத்து, கல்யாணம் என்று வந்தால்? "என் வீட்டில் கை நனைக்காமல் போகிறாயா?" என்று கோபித்துக்கொள்ளும் உறவினர் நமக்கு ஏராளம். அக்காள் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். பந்தியில் உட்காராமல் பரிமாறுகிறவர்களோடு சேர்ந்துகொள்கிறார். கரண்டியும் வாளியுமாகச் சுற்றி வருகிறவரை யாரும் 'சாப்பிட்டாயா' என்று பிடித்து வைப்பதில்லை. கடைசியில் ஒரு கரண்டி பருப்பும் கூட்டும் எடுத்து மெதுவாக உண்கிறார்.

மாத்திரை விஷயம் வாழ்நாள் முழுவதும் உள்ளது. பல உயிர்ச்சத்துகள் சேர்ந்த மாத்திரை, பி12, இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து, விட்டமின் டி ஆகியவற்றை மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவில் விடாமல் எடுக்க வேண்டும். இரும்புச் சத்தையும் சுண்ணாம்புச் சத்தையும் ஒரே நேரத்தில் விழுங்கினால் ஒன்றை ஒன்று தடுக்கும். இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இரும்புச் சத்தைத் தேநீரோடு எடுப்பதும் வீண். விழுங்க முடியாவிட்டால் மென்று தின்னும் மாத்திரை உண்டா என்று கேளுங்கள். எங்களைப்போல் குளிர்பெட்டிமேல் வைத்துவிடாதீர்கள். மூன்று மாதம் முதல் ஆறு மாதத்துக்குள் தலைமுடி கொட்டும், பெண்கள் அழுதுவிடுவார்கள். புரதமும் சத்துகளும் சரியாக இருந்தால் பெரும்பாலும் மீண்டும் வளர்ந்துவிடும்.

இனிப்பு நீருக்கு மருந்து எடுத்தவர்கள், சிகிச்சைக்கு முன் எடுத்த அதே அளவை எடுத்தால் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கிவிடலாம். அளவை மருத்துவர் மாற்றிக் கொடுப்பார். தாமாக நிறுத்துவதும் தவறு, பழைய அளவைத் தொடர்வதும் தவறு. மூட்டு வலிக்குக் கடையில் வாங்கும் டைக்லோஃபினாக், ஐபுபுரோஃபன் போன்ற மாத்திரைகள், சிறப்பாக பைபாஸ் செய்தவர்களுக்கு, புண் உண்டாக்கும். பாராசித்தமால் போதும். புகையிலையும் அப்படியே. ஆண்களுக்கு ஒரு வார்த்தை: சிறிய வயிற்றில் மது வெகு வேகமாக இரத்தத்தில் ஏறும், முன்பு குடிக்காதவர்களும் சிகிச்சைக்குப் பின் அதற்கு அடிமையானதுண்டு. சம்சுவின் வாசலுக்கே போகாதீர்கள். இளம் பெண்கள் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம்வரை கருத்தரிப்பதைத் தள்ளிப்போட வேண்டும். எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்புக் கூடுகிறது என்பதைக் கணவன்மாரும் அறிந்திருக்க வேண்டும்.

அடுத்தது உடற்பயிற்சி. "அறுத்த உடம்பு, படுத்திரு" என்பது நம் வழக்கம். மருத்துவமனையிலோ முதல் நாளே கட்டிலிலிருந்து இறக்கி நடக்க வைப்பார்கள். கால்களில் இரத்தம் உறையாமல் இருப்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் நடை தொடர வேண்டும். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று தொடங்கி, மருத்துவர் அனுமதித்தபின் வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்கும் நிலைக்கு வர வேண்டும். ஆனால் நான்கு முதல் ஆறு வாரம்வரை பளு தூக்கலாகாது. செம்பனைக் குலையும் பளுதான், தண்ணீர் வாளியும் பளுதான், இடுப்பில் ஏறத் துடிக்கும் பேரப்பிள்ளையும் பளுதான். தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் எம்.சி. முடிந்ததும் லேசான வேலை வேண்டும் என்று மருத்துவரிடம் கடிதம் வாங்கி மேலாளரிடம் கொடுக்கலாம். கூச்சப்பட ஒன்றுமில்லை.

நடையோடு தசைக்கும் வேலை வேண்டும். இதற்குக் கருவிகள் தேவையில்லை. கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து எழுந்து உட்காரலாம். பத்துத் தடவை, சற்று ஓய்வு, மறுபடி பத்துத் தடவை. சுவரில் இரு கைகளையும் ஊன்றித் தள்ளலாம். சில மாதம் கழித்து அரை லிட்டர் தண்ணீர்ப் போத்தல்களைத் தூக்கி இறக்கலாம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். காட்டு வேலை செய்கிறவனுக்கு எதற்குத் தனிப் பயிற்சி என்று கேட்பவர்கள் உண்டு. வேலையில் ஒரே விதமான தசைகளே உழைக்கின்றன. நோய்க்குப் பின் அந்த வேலைக்குத் திரும்பவும் பலம் வேண்டுமல்லவா?

அக்காள் எங்கள் பள்ளித் திடலில்தான் நடக்கத் தொடங்கினார். முதலில் வெட்கம். லயத்துப் பெண்கள் பார்த்துச் சிரிப்பார்கள் என்று இருட்டோடு வந்துவிடுவார். அரைச் சுற்று முடித்துக் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இரண்டு வாரம் கழித்து ஒரு சுற்று. ஆறு மாதத்தில் எட்டுச் சுற்று. சிரிப்பார்கள் என்று பயந்த அந்தப் பெண்களில் மூவர் இன்று அவரோடு நடக்கிறார்கள். அவர்களுக்கு எந்த அறுவையும் நடக்கவில்லை. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 54 பேர் அளவுக்கு மிஞ்சிய எடை உடையவர்கள். அப்படியானால் திடலில் இன்னும் இடம் இருக்கிறது என்று அக்காள் சொல்கிறார். இப்போது அவர் எடை 79 கிலோ. இரத்தக் கொதிப்பு மாத்திரை ஒன்றாகக் குறைந்திருக்கிறது. வேலைக்கும் திரும்பிவிட்டார், தோட்டத்து நாற்றங்காலில் பைகளுக்கு மண் நிரப்புகிறார்.

கடைசியாக, உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அறிகுறிகளைச் சொல்லிவிடுகிறேன். தாளும் பென்சிலும் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். காய்ச்சலோடு வயிற்று வலி. ஓய்வாக இருக்கும்போதே நெஞ்சு வேகமாக அடிப்பது. மூச்சுத் திணறல். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும். கறுத்த மலம் அல்லது இரத்த வாந்தி. தண்ணீரும் தங்காத வாந்தி. தள்ளாட்டம், பார்வை இரண்டாகத் தெரிதல், பேச்சில் குழப்பம். இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தோட்டத்து வண்டி எந்த நேரத்தில் கிடைக்கும், கிடைக்காவிட்டால் யாருடைய காரைக் கேட்பது என்பதை அறுவைக்குப் போகுமுன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை கொடுத்த அட்டையை வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் மாட்டி வையுங்கள். உடம்பு நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறையாவது இரத்தப் பரிசோதனைக்கு அழைப்பார்கள். அந்த நாளில் சம்பளம் போனாலும் பரவாயில்லை, போய் வாருங்கள்.